சத்தம் வரவேணும், நோகக்கூடாது

அட்டை விசிறியைக் கோசிகா குப்பைப் பையில் போட்டு முதல் நாளே வெளியில் வைத்துவிட்டாள் என்பது தெரியாமல், செத்தவருடைய கூட்டாளி சற்குணம் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிய மனிதர், செத்தவீட்டு நாளும் அதுவுமாக, கம்பளத்தில் குப்புறக் கிடந்தார். அவருடைய கால்கள் இரண்டும் அறை வாசலை மறித்ததால் தவமலரால் வெளியே போக முடியவில்லை. தலை தோய்ந்த ஈரத்தோடு, கையில் சீப்போடு, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நின்றாள்.

"அக்கா, இதுக்குள்ளதானே அண்ணை வைக்கிறவர்?"

"ஓம். உதுக்குள்ளதான் கிடந்தது."

"அப்ப எங்கை போச்சுது?"

தவமலருக்கும் தெரியாது. வாசலில் வந்து நின்ற மகள்தான் சொன்னாள். "நான்தான் எறிஞ்சனான் அங்கிள். பழசாப் போச்சுது."

சற்குணம் தலையை வெளியே எடுத்தார். காது மடலில் தூசி. அவருடைய முகம் போன போக்கைப் பார்த்தால் தவமலரின் புருசன் ஜம்புநாதன் இரண்டாம் தரம் செத்ததுபோல இருந்தது.

"எறிஞ்சிட்டியோ? பிள்ளை, பத்து வருசமா லண்டனைச் சிரிக்க வைச்ச சாமானெல்லே அது."

"சொறி அங்கிள்," என்றாள் கோசிகா. அந்தப் பதினெட்டு வயதுக் குரலில் கவலை கொஞ்சமும் இல்லை.

ஜம்புநாதன் போய் எட்டு நாள். செவ்வாய்க்கிழமை காலையில் முகம் வழித்துக்கொண்டிருந்தவர் குளியலறையிலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு. ஐம்பத்தொரு வயது. பிறகு இந்த நாட்டில் நடக்கிறதெல்லாம் நடந்தது. கையெழுத்துகள், தொலைபேசிகள், பிணம் எரிக்கிற கிரெமற்றோறியத்தில் நேரம் கிடைக்கும்வரை காத்திருத்தல். இன்றைக்குத்தான் மூன்றே காலுக்கு நேரம் தந்திருந்தார்கள். இந்த எட்டு நாளும் ரூட்டிங், ஈஸ்ட் ஹாம் என்று எங்கெங்கோ இருந்து சனம் வந்து, தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வசனத்தைத்தான் சொல்லிவிட்டுப் போனது. "இனி ஆருக்கு அக்கா அடிப்பியள்?" சொல்லிவிட்டு அழுதார்கள். சிலர் சொல்லும்போதே சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டு அழுதார்கள்.

"பரவாயில்லை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்று சற்குணம் எழும்பி முழங்காலைத் தட்டினார். "கீழ ரீவி வந்த பெட்டி கிடக்கு. அரை மணித்தியாலத்தில புதுசா ஒண்டு செய்துபோடுவன். அண்ணை மடிக்கேக்க எத்தினை தரம் பக்கத்தில நிண்டு பாத்தனான்."

"ஏன் தம்பி வீண் கரைச்சல்."

"கரைச்சலோ? அக்கா, கனடாவில இருந்து பெரியண்ணை சொல்லிப்போட்டார். பிரேதப் பெட்டி மூட முதல் நீங்கள் அண்ணைக்கு மெல்லமா ஒரு தட்டுத் தட்டி, விசிறியைக் குடுத்து அனுப்பவேணும். வீடியோவில அது வரவேணும். அண்ணை அதைத்தான் விரும்பியிருப்பார்."

அண்ணை அதை விரும்பியிருப்பார் என்பதில் தவமலருக்கும் சந்தேகமில்லை.

ஜம்புநாதன் லண்டனுக்கு வந்த புதிதில் நகரத்தின் நடுவில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போனவர். பிறகு மீன் வெட்டுகிற வேலைக்கு உயர்ந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை பூட்டியிருக்கும் இரண்டு மணி நேரத்தில் சமையற்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து வந்த வீடியோ நாடாக்களைப் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டு பகிடிக்காரர்கள். ஒருவன் முட்டாள். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவான். மற்றவன் அறிவாளி. ஒவ்வொரு முட்டாள் பேச்சுக்கும் மடித்த அட்டை விசிறியால் அவன் தலையில் பளாரென்று ஒன்று போடுவான். மொழி விளங்காமலே ஜம்புநாதன் வயிறு நோகச் சிரித்தார். வருசக் கடைசி விருந்தில் வேலைக்காரர் ஒவ்வொருவரும் ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்பது அந்தக் கடை வழக்கம். ஜம்புநாதன் அந்த முட்டாளைச் செய்துகாட்டினார். முதலாளி கதிரையிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாராம்.

அது அப்படியே தமிழ்ச் சனம் விழா வைக்கிற ஹோல்களுக்கு வந்தது. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், பழைய மாணவர் ஒன்றுகூடல். நெற்றியில் ஒட்டிய பொய்மயிரும் இறுகிய கோட்டுமாக அவர் குனிந்து குனிந்து வணங்கி உள்ளே வந்தாலே சனம் தொடங்கிவிடும். அவர் பேசிய ஜப்பான் மொழியில் பாதி மீன்களின் பெயர்கள். அது தெரிந்தவர் யாரும் அங்கே இருக்கவில்லை. முதலில் சற்குணம்தான் அடிக்கிறவர். ஆனால் சற்குணத்துக்குக் கை கட்டுக்குள் நிற்காது. ஒருநாள் காதில் பட்டு ஜம்புநாதனுக்கு இரண்டு நாள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, கோசிகாவின் எட்டாவது பிறந்தநாளன்று, அவர் தவமலரைக் கையில் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார். அதற்கு முன் ஒரு கிழமை வீட்டில் வைத்துப் பழக்கியிருந்தார்.

"சத்தம் வரவேணும், நோகக்கூடாது," என்று அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். "இதில இருந்து சுழட்டவேணும். தோளால இல்லை."

அன்றைக்கு ஹோல் இடிந்து விழாத குறை. சனம் சிரித்தது ஜப்பானுக்கு அல்ல. பெண்சாதி புருசனைச் சபையில் வைத்து அடிக்கிறாள், அவர் குனிந்து குனிந்து வாங்குகிறார் என்பதற்குத்தான். தவமலரும் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. காரில் வரும்போது ஜம்புநாதன் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு வருசம் அப்படிப் போனது. பிறகு ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் நின்ற யாரோ கேட்டார். "வீட்டிலையும் உப்பிடித்தானோ அண்ணை?" எல்லாரும் சிரித்தார்கள். ஜம்புநாதனும் சிரித்தார். காரில் அவளுடைய கையை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவள் சேலையின் ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கிட்ட வந்து நின்றார்.

"இண்டைக்கு எத்தினை அடி?"

அவள் எண்ணவில்லை. அவர் எண்ணியிருந்தார். பதினொன்று.

மேற்கையின் உட்பக்கம், அக்குளுக்குச் சற்றுக் கீழே, அந்த மெல்லிய தசையை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துத் திருகினார். பதினொரு தரம். மேடையில் சத்தம் வரும், நோகாது. இது நோகும், சத்தம் வராது.

அதன் பிறகு ஒவ்வொரு விழாவும் அப்படித்தான் முடிந்தது. குறைத்து அடித்துப் பார்த்தாள். சபை சிரிக்கவில்லை, என்னை அவமானப்படுத்திப்போட்டாய் என்று அதற்கும் நுள்ளு விழுந்தது. வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு அவர் எண்ணவே இல்லை. தவமலர் சேலைச் சட்டைகளை முழங்கைவரை நீட்டித் தைப்பித்தாள். "என்ன மச்சாள், பழைய காலத்துச் சட்டை?" என்று பெண்கள் பகிடி பண்ணினார்கள். தமிழ்க் கடைகளில் அவளுக்கு யப்பான் அக்கா என்று பெயர். மரக்கறி நிறுக்கிறவன் தலையைக் குனிந்து நீட்டி, "எனக்கும் ஒண்டு போடுங்கோ," என்பான். அவள் சிரித்துக்கொண்டு முருங்கைக்காயால் ஒன்று போடுவாள்.

ஒரேயொரு தரம் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை செய்கிற பெர்னடெற் மன்னார்க்காரி, நல்ல மனம் உள்ளவள். இரண்டு பேரும் தட்டுக் கழுவிக்கொண்டு நின்றபோது தவமலர் சொன்னாள். "அவர் எனக்கு நுள்ளுறவர்."

பெர்னடெற் சிரித்தாள். "சபையில வைச்சு நீ அந்த மனிசனை வெளுக்கிற வெளுவைக்கு, வீட்டில ஒரு நுள்ளு நுள்ளினா என்னடி?"

தவமலரும் சேர்ந்து சிரித்தாள். வேறு என்ன செய்கிறது? அவள் அடித்ததற்கு ஊர் முழுக்கச் சாட்சி, போதாததற்கு வீடியோ. வாங்கியதற்கு அவளுடைய கை மட்டும்தான் சாட்சி.

சற்குணம் கீழே இறங்கிப் போனதும் கோசிகா அறைக் கதவைச் சாத்தினாள். அட்டை வெட்டுகிற சத்தம் மேலே கேட்டது.

"அம்மா, செய்யாதேங்கோ."

"என்னெண்டு பிள்ளை செய்யாமல் விடுறது?"

"ஏலாது எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"ஏன் எண்டு கேப்பினம்."

கோசிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு துவாயை எடுத்துத் தாயின் தலையைத் துடைத்துவிட்டாள். பதினாலு வயதிலிருந்தே அவள் இந்த விழாக்களுக்கு வருவதில்லை. தாயும் தகப்பனும் மேடையேறிக் கூத்தடிப்பது அந்த வயதுக்கு வெட்கம் என்று தவமலர் நினைத்திருந்தாள். மற்றது பிள்ளைக்குத் தெரியாது. சத்தம் வந்தால்தானே தெரிவதற்கு.

ஊரிலென்றால் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். பெட்டியை ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கே கிரியை, பேச்சு, எரிப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, முக்கால் மணி நேரத்துக்குள். பெண்சாதிக்கு முன்வரிசையில் நடுக் கதிரை.

மண்டபத்தில் இருக்க இடமில்லாமல் சனம் சுவரோரம் நின்றது. யூலை மாத வெக்கையில் கறுப்புக் கோட்டுகள் வியர்த்துக் கொண்டிருந்தன. ஜம்புநாதனுக்குப் பட்டு வேட்டி, அரைக்கைச் சட்டை, மேலே சால்வை. ஐயர் அவசரம் அவசரமாக மந்திரத்தை முடித்தார். வாய்க்கரிசி போட்டார்கள். நலன்புரிச் சங்கத் தலைவர் தில்லையம்பலம் கடதாசியை விரித்து, மனைவியிடம் அடி வாங்கி எங்களை மகிழ்வித்த மாபெரும் கலைஞன் என்று வாசித்தார். எல்லாரும் ஒரு தரம் தவமலரைப் பார்த்தார்கள்.

பழைய சாப்பாட்டுக் கடையிலிருந்து தலைமைச் சமையற்காரர் வந்திருந்தார். எழுபது வயது மதிக்கலாம். பெட்டிக்கு முன்னால் போய்க் கைகளைத் தொடையோடு சேர்த்து, இடுப்பிலிருந்து வளைந்து, நெடுநேரம் வணங்கினார். பின்வரிசையில் ஒரு குழந்தை கிளுக்கென்று சிரித்தது. பிறகு ஒரு பெரியவர். பிறகு அடக்கமாட்டாமல் அங்கங்கே. ஜம்புநாதன் மேடையில் வணங்கியது அச்சாக அப்படித்தான். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிமிர்ந்து, தவமலருக்கும் ஒரு தரம் வணங்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். சிரித்தவர்கள் இப்போது கண்ணைத் துடைத்தார்கள்.

சனம் பதத்துக்கு வந்துவிட்டதைச் சற்குணம் கண்டுகொண்டார். மைக்கை எடுத்தார்.

"இனி எங்கட அக்கா அண்ணைக்கு விடை குடுக்கப் போறா. எப்பிடி எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும்."

புது விசிறி அவளுடைய கைக்கு வந்தது. மடிப்புகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் எழுத்துகள் துண்டு துண்டாகத் தெரிந்தன. வீடியோக்காரர் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு வெளிச்சத்தைப் போட்டார். தவமலர் எழும்பிப் பெட்டிக்குக் கிட்டப் போனாள்.

முகத்துக்கு ஏதோ பூசியிருந்தார்கள். கண் மூடியிருந்தும் அவர் எண்ணுவதற்கு ஆயத்தமாகக் கிடக்கிறார் என்றே அவளுக்குப் பட்டது. இந்த ஓர் அடிக்கு மட்டும் திருப்பி வராது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், விசிறியைத் தூக்கியதும் மேற்கையின் உட்பக்கம் தன்பாட்டில் நோகத் தொடங்கியது. மணிக்கட்டோ சுழலத் தயாராக இருந்தது, பத்து வருசப் பழக்கம். பின்னால் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தால் கனடாவிலும் ஜேர்மனியிலும் வீட்டுக்கு வீடு அது ஓடும், செத்த பிறகும் புருசனை அடித்தவள் என்று. அடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு அவளிடம் இருக்கிற பதிலை நம்ப அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருசமாக வராமல் அடக்கி வைத்திருந்த கோபம், இந்த நேரம் பார்த்து, இவ்வளவு பேருக்கு முன்னால்.

விசிறியை அவருடைய நெஞ்சில் வைத்தாள். குனிந்து, சால்வைக்குக் கீழே கையை விட்டு, அரைக்கைச் சட்டைக்குள் மேற்கையின் உட்பக்கத்தைத் தேடினாள். இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துத் திருகினாள். தசை குளிர்ந்து இறுகிக் கிடந்தது, இளகவில்லை. திரும்பவும் திருகினாள். நகம் மடிந்தது. மூன்று. நாலு. அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாளா பலத்தைக் கூட்டுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடிக்க மனம் வரேல்லை," மைக்கில் சற்குணத்தின் குரல் உடைந்தது. "பாத்தியளே, அக்காவுக்கு அடிக்க மனம் வரேல்லை. கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

மண்டபமே அழுதது. ஆண்கள் தலையைக் குனிந்தார்கள், பெண்கள் வாய்விட்டுக் கதறினார்கள். வீடியோக்காரர் கிட்ட வந்து அவளுடைய முதுகையும் சால்வைக்குள் மறைந்த கையையும் எடுத்தார். ஏழாவதில் ஜம்புநாதனின் தம்பி வந்து அவளுடைய தோளைப் பிடித்தார். "காணும் மச்சாள். நேரம் போகுது." வாசலில் கிரெமற்றோறியத்து ஆள் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான். வெளியே அடுத்தவருடைய கார்கள் வந்து வரிசையாக நின்றன.

திரும்பியபோது பக்கத்தில் பெர்னடெற் நின்றாள். வாய்க்குக் கொண்டுபோன கைலேஞ்சி பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தவமலரின் முகத்தை அல்ல, விரல்களை.

வீட்டுக்கு வந்து எல்லாரும் தோய்ந்து, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டார்கள். வெயில் இன்னும் தணியவில்லை. முன்னறையில் ஆண்களின் பேச்சு முழுக்க அதுதான். என்ன பாசம், என்ன பாசம். குடுத்துவைச்ச மனிசன். சற்குணம் கோப்பையை வைக்கச் சமையலறைக்கு வந்தவர், கண் சிவந்திருக்க, அவளிடம் சொன்னார்.

"அக்கா, முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலர் இருக்கெல்லே. அட்டையில அந்தப் படத்தைத்தான் போடப்போறம். நீங்கள் அண்ணையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது."

"சரி தம்பி," என்றாள் தவமலர்.

அவர் போனார். சமையலறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். பெர்னடெற் தொட்டியில் சட்டிகளைக் கழுவினாள். கோசிகா துடைத்து அடுக்கினாள். தவமலர் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள். பெர்னடெற் குழாயைக் குறைத்துவிட்டு, திரும்பாமலே மெல்லச் சொன்னாள்.

"மலர், அண்டைக்கு நீ சொன்னது..."

"தண்ணி கொதிச்சிட்டுது," என்றாள் தவமலர். கண்ணால் மகளைக் காட்டினாள்.

பெர்னடெற்றுக்கு விளங்கியது. சோற்றுப் பானையின் பெரிய மூடியைக் கழுவி எடுத்தாள். கை சவர்க்காரம். மூடி வழுக்கிக் கல் நிலத்தில் விழுந்தது.

வீடு அதிரச் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் எது விழுந்தாலும் ஜம்புநாதன் எழும்பி வருவார், விழுந்ததற்கும் நுள்ளு உண்டு. தவமலருடைய கைகள் இரண்டும் தாமாகவே விலாவோடு ஒட்டிக்கொண்டன. உட்கையை மறைக்கிற பழக்கம். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று தனக்குத்தானே சொன்னாள். மூச்சை விட்டாள். கைகளை ஒன்றொன்றாகத் தளர்த்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

கோசிகா சுவரோடு நின்றாள். துடைக்கிற துணி காலடியில் கிடந்தது. அவளுடைய முழங்கைகள் இரண்டும் விலாவோடு இறுக ஒட்டியிருந்தன. கண் வாசலில் இருந்தது.

மூடி சுழன்று சுழன்று அடங்கியது. கோசிகா கைகளை எடுக்கவில்லை.

"பிள்ளை," என்றாள் தவமலர்.

"ஒண்டுமில்லை அம்மா."

பெர்னடெற் குனிந்து மூடியை எடுத்தாள். இரண்டு கைகளாலும் பிடித்து, சத்தம் வராமல், மேசையில் வைத்தாள்.